காண்டோ இன்சூரன்ஸ்: அதான் எச்ஓஏ கட்டுறோமேன்னு விட்டுடாதீங்க

அமெரிக்கால காண்டோ, அதாவது அடுக்குமாடி பில்டிங்ல ஒரு யூனிட், வாங்குற நம்ம ஆளுங்ககிட்ட இன்சூரன்ஸ் பத்தி பேச்செடுத்தா முதல்ல வர்ற பதில் ஒண்ணுதான், "அதான் மாசாமாசம் எச்ஓஏ கட்டுறோமே, பில்டிங் இன்சூரன்ஸ் அதுலயே வந்துருதே". எச்ஓஏன்னா காண்டோ ஓனர்கள் சங்கத்துக்கு, அதாவது அசோசியேஷனுக்கு, கட்டுற மாசக் கட்டணம். பில்டிங் இன்சூரன்ஸ் அதுலயே வந்துருது, உண்மைதான். ஆனா அது எது வரைக்கும் வருது, எந்த இடத்துல நின்னுருதுன்னு கேட்டா பெரும்பாலானவங்களுக்கு தெரியல. நான் எங்க காண்டோ அசோசியேஷன் போர்டுல இருக்கேன், வருஷா வருஷம் மாஸ்டர் பாலிசி ரினியூவல் வரும்போது புரோக்கரோட உக்காந்து வரி வரியா பாக்குற வேலை எனக்குத்தான் வருது, அப்படி பாக்க பாக்க எத்தனை குடும்பம் இதுல பாதுகாப்பு இல்லாம நிக்குதுன்னு புரிஞ்சதால இதை விரிவா எழுதுறேன். நான் ஏஜெண்ட் இல்ல, எதையும் விக்கவும் இல்ல.

தனி வீடுன்னா கூரைல இருந்து அஸ்திவாரம் வரைக்கும் எல்லாம் உங்களுது, ஒரே பாலிசில முடிஞ்சுரும். காண்டோல கூரை, வெளிச்சுவர், லிஃப்ட், படிக்கட்டு, பார்க்கிங் எல்லாம் பொது, அதுக்கு அசோசியேஷன் பேர்ல ஒரு மாஸ்டர் பாலிசி இருக்கும். யூனிட்டுக்கு உள்ள இருக்கறதுக்கு நீங்க தனியா எடுக்கறதுதான் எச்ஓ-6ன்னு சொல்ற பாலிசி. இந்த ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்க விழுதுங்கறது பில்டிங்குக்கு பில்டிங் மாறும். சில அசோசியேஷன்ல 'பேர் வால்ஸ்', அதாவது வெறும் சுவரோட மாஸ்டர் பாலிசி நின்னுரும், கேபினெட், ஃப்ளோரிங், சிங்க், பாத்டப், லைட் எல்லாம் உங்க தலைல. சில இடத்துல 'சிங்கிள் என்டிட்டி', பில்டர் முதல்ல கட்டிக்குடுத்தப்போ உள்ள என்ன இருந்துச்சோ அது வரைக்கும் கவர் ஆகும், அதுக்கப்புறம் நீங்களோ உங்களுக்கு முன்னாடி இருந்த ஓனரோ பண்ண அப்கிரேடுக்கு ஒண்ணும் கிடைக்காது. அதாவது பில்டர் போட்டது சாதா லேமினேட் கவுண்டர், நீங்க அதை எடுத்துட்டு குவார்ட்ஸ் போட்டிருந்தா, க்ளெய்ம்ல லேமினேட்டுக்கு உண்டான காசுதான் மாஸ்டர் பாலிசில வரும். 'ஆல்-இன்'னு ஒண்ணு இருக்கு, அதுல அப்கிரேடும் சேர்ந்து வரும், அது கிடைச்சா நல்லது.

இதுல ஸ்டேட் சட்டமும் குறுக்க வரும். ஃப்ளோரிடால பாருங்க, அங்க காண்டோ சட்டமே இந்தக் கோட்டை போட்டு வெச்சிருக்கு. ஃப்ளோர், சுவர், சீலிங் மேல ஒட்டுற கவரிங், எலக்ட்ரிகல் ஃபிக்ஸ்சர், அப்ளையன்ஸ், வாட்டர் ஹீட்டர், பில்ட்-இன் கேபினெட், கவுண்டர்டாப், ஜன்னல் திரை இதெல்லாம் அசோசியேஷன் பாலிசில சேராது, ஓனர் பொறுப்புன்னு தெளிவா எழுதியிருக்கு. மத்த ஸ்டேட்ல பெரும்பாலும் உங்க அசோசியேஷனோட டிக்ளரேஷன், சிசி அண்ட் ஆர்னு அசோசியேஷன் விதிகள் எழுதின ஒரு தடிமனான டாக்குமெண்ட் குடுத்திருப்பாங்கல்ல வீடு கைமாறுற க்ளோசிங் அன்னைக்கு, அதுல இன்சூரன்ஸ்னு ஒரு பகுதி இருக்கும். மொத்தத்தையும் படிக்க முடியலன்னா பரவால்ல, அந்தப் பகுதியையும் மெயின்டனன்ஸ் பகுதியையும் மட்டுமாவது படிச்சிருங்க.

எங்க பில்டிங்ல எனக்கு நல்லா தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு நடந்ததை சொல்றேன், இது தெரிஞ்சா மிச்சம் எல்லாம் தானா புரியும். அவங்க யூனிட்டுக்கு மேல இருக்கற யூனிட்ல வாட்டர் ஹீட்டர் டேங்க் அடில விட்டுப்போச்சு. வேலை நாள், பகல் நேரம், ரெண்டு வீட்லயும் ஆள் இல்ல. சாயங்காலம் வந்து கதவத் திறந்தா ஹால்ல சீலிங் லைட் வழியா தண்ணி கம்பி மாதிரி இறங்குது, ட்ரைவால்னு சொல்ற ஜிப்சம் பலகை நடுவுல தொப்பை போட்டு தொங்குது, மர ஃப்ளோர் பலகை ஓரமெல்லாம் மேல எழும்பிருச்சு. நான் போய் பாக்கும்போது அந்த வீட்டம்மா சமையலறை கேபினெட்டோட அடிப்பலகைய கையால தொட்டுக் காட்டுறாங்க, பிரஸ் பண்ணின மரத்தூள் பலகை அது, ஊறி ரஸ்க் மாதிரி உதிருது. ராத்திரியோட ராத்திரியா வாட்டர் மிட்டிகேஷன் ஆளுங்க வந்து சுவர்ல அடில ஒரு அடி, ரெண்டு அடி உயரத்துக்கு ட்ரைவாலை அறுத்து எடுத்து, பெரிய பெரிய ஃபேனும் டீஹியூமிடிஃபையரும் வெச்சு ஓட விட்டாங்க, அந்த சத்தத்துல யாரும் அங்க தூங்க முடியாது, பிள்ளைங்களை கூட்டிக்கிட்டு ஹோட்டல் போயிட்டாங்க.

"அண்ணா, மேல் வீட்டு தண்ணிதானே, அவங்க இன்சூரன்ஸ்தானே குடுக்கணும்?"னு அந்த வீட்டம்மா கேட்டாங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம், நியாயமும் அதுதான்னு தோணும். ஆனா மேல் வீட்டுக்காரர் அலட்சியமா இருந்தார்னு காட்டினாத்தான் அவரோட லயபிலிட்டி கவரேஜ், அதாவது அவரால மத்தவங்களுக்கு வந்த நஷ்டத்துக்கான பகுதி, பணம் குடுக்கும். முன்னாடியே ஒழுகிட்டு இருந்துச்சு, சொல்லியும் கண்டுக்கலன்னா அது அலட்சியம். ஒரு அறிகுறியும் இல்லாம டேங்க் திடீர்னு விட்டுப்போனா அவர் இன்சூரன்ஸ் கம்பெனி "எங்க ஆள் மேல தப்பு இல்ல"ன்னு லெட்டர் அனுப்பிரும், இங்கயும் அதுதான் வந்துச்சு. சரி, மாஸ்டர் பாலிசி இருக்கேன்னு பாத்தா, எங்க பில்டிங் மாஸ்டர் பாலிசில தண்ணி சேதத்துக்கு டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி நாம கையில இருந்து போட வேண்டிய தொகை, 25,000 டாலர். அவங்க யூனிட்ல கிழிச்சதை திரும்ப கட்டுறதுக்கு வந்த எஸ்டிமேட் அதுக்கு கீழ. அதாவது ட்ரைவால் அசோசியேஷன் பாலிசில கவர் ஆகுற பொருள்தான், ஆனா டிடக்டிபிளை தாண்டாததால மாஸ்டர் பாலிசில இருந்து ஒரு டாலர் கூட வராது, டிடக்டிபிளுக்கு உள்ள வர்ற செலவு சேதம் எந்த யூனிட்லயோ அந்த ஓனரோடதுன்னு எங்க டிக்ளரேஷன்ல எழுதியிருக்கு.

கடைசில எல்லாம் அவங்க எச்ஓ-6 மேல வந்து நின்னுச்சு. அதுல கவரேஜ் ஏ, அதாவது யூனிட்டுக்கு உள்ள கட்டிடம் சம்பந்தப்பட்ட பகுதிக்கு இருந்த லிமிட் 5,000 டாலர். ஸ்டாண்டர்ட் ஃபார்ம்ல சும்மா வர்ற அடிப்படை தொகை அது, ஆன்லைன்ல சீக்கிரமா குறைஞ்ச பிரீமியம் பாத்து எடுத்தா அப்படியே நின்னுரும். சோபா, கார்பெட், லேப்டாப் இதுக்கெல்லாம் தனியா பொருள் கவரேஜ்ல வந்துச்சு, ஹோட்டல் செலவுக்கு லாஸ் ஆஃப் யூஸ்ல வந்துச்சு, அதெல்லாம் பிரச்சனையே இல்ல. ஆனா ஃப்ளோர், கேபினெட், ட்ரைவால் எல்லாத்துக்கும் சேர்த்து அந்த 5,000 போக மிச்சம் மொத்தமும் கையில இருந்து போட்டாங்க. நல்ல மனுஷங்க, ஒழுங்கா பிரீமியம் கட்டினவங்க, எனக்கு இப்பவும் மனசு ஆறல.

அதனால கவரேஜ் ஏ எவ்வளவு வேணும்னு நீங்களே உக்காந்து கணக்கு போடுங்க. உங்க யூனிட்டை வெறும் சுவரா நிறுத்திட்டா அதை திரும்ப வீடா மாத்த எவ்வளவு ஆகும்? கிச்சன் கேபினெட், கவுண்டர்டாப், ரெண்டு பாத்ரூம் டைல், ஃப்ளோரிங், உள் கதவுகள், க்ளாசெட், பெயிண்ட், லைட், இதுக்கெல்லாம் கான்ட்ராக்டர் கூலியோட. வீட்டோட மார்க்கெட் விலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, நீங்க வாங்கின விலைல நிலமும் லொக்கேஷனும் சேர்ந்து இருக்கு. உங்க பில்டிங் ஆல்-இன்னா இருந்தாலும் மாஸ்டர் டிடக்டிபிள் அளவுக்காவது கவரேஜ் ஏ வெச்சுக்கணும்ங்கறது என்னோட அபிப்ராயம். ஏஜெண்ட்கிட்ட பேசும்போது இன்னொண்ணும் கேளுங்க: ஸ்டாண்டர்ட் எச்ஓ-6 ஃபார்ம்ல தீ, புயல், திருட்டு, குழாய் வெடிச்சு தண்ணின்னு பேர் சொல்லி பட்டியல் போட்ட காரணங்களுக்கு மட்டும்தான் பணம் வரும், கவரேஜ் ஏக்கு ஸ்பெஷல் கவரேஜ் எண்டார்ஸ்மெண்ட்னு ஒரு கூடுதல் இணைப்பு சேர்த்தா பட்டியல் தலைகீழா மாறி, விலக்கி வெச்சது தவிர மத்தது எல்லாம் உள்ள வந்துரும். பிரீமியம் பெரிசா ஏறாது, சேர்த்துக்கறது நல்லது. அதே மாதிரி உங்க பொருளுக்கு ரீப்ளேஸ்மெண்ட் காஸ்ட்டான்னு, அதாவது புதுசு வாங்கற விலை வருமான்னு பாருங்க, இல்லன்னா அஞ்சு வருஷ பழைய டிவிக்கு தேய்மானம் கழிச்சு ஏதோ கொஞ்சம்தான் வரும்.

அடுத்தது லாஸ் அசெஸ்மெண்ட், இதைத்தான் நம்ம ஆளுங்க சுத்தமா கவனிக்கறதே இல்ல. பொது இடத்துல பெரிய சேதம் வந்து மாஸ்டர் பாலிசி முழுசா குடுக்கலன்னா, இல்ல யாராவது பொது படிக்கட்டுல விழுந்து கேஸ் போட்டு தீர்ப்புத் தொகை லயபிலிட்டி லிமிட்டை தாண்டிருச்சுன்னா, மிச்சத்தை அசோசியேஷன் ஓனர்களுக்கு பிரிச்சு வசூல் பண்ணும். அதுல உங்க பங்கை குடுக்கறதுக்குத்தான் லாஸ் அசெஸ்மெண்ட் கவரேஜ். ஸ்டாண்டர்ட் ஃபார்ம்ல இது வெறும் 1,000 டாலர். ஃப்ளோரிடால மட்டும் சட்டப்படி குறைஞ்சது 2,000 டாலர் இருக்கணும். 25,000, 50,000 வரைக்கும் கூட கம்மி காசுல ஏத்திக்கலாம், ஆனா இங்கதான் ஒரு முக்கியமான விஷயம். நிறைய பாலிசில, அசோசியேஷன் உங்ககிட்ட கேக்குற பணம் மாஸ்டர் பாலிசியோட டிடக்டிபிளுக்காகன்னா, நீங்க 50,000 லிமிட் வாங்கியிருந்தாலும் அதுக்கு 1,000 தான் குடுப்போம்னு தனி வரம்பு இருக்கும். புயல்ல கூரை போச்சு, டிடக்டிபிள் பல லட்சம், யூனிட்டுக்கு 8,000னு பிரிச்சு நோட்டீஸ் வருது, நீங்க 50,000 இருக்குன்னு தைரியமா க்ளெய்ம் போடுறீங்க, 1,000 டாலர் செக் வருது. டிடக்டிபிளுக்கும் முழு லிமிட் குடுக்கற கம்பெனிகளும் இருக்கு, அதனால ஏஜெண்ட்கிட்ட இந்த ஒரு கேள்விய வாய்மொழியா கேக்காம ஈமெயில்ல கேட்டு பதில் வாங்கி வெச்சுக்கோங்க.

லாஸ் அசெஸ்மெண்ட் குடுக்காதது என்னன்னும் தெரிஞ்சுக்கணும். பழசாகிப் போனது, பராமரிக்காம விட்டது, பெரிய ரிப்பேருக்கான ரிசர்வ்ல காசு சேர்க்காம விட்டது, இதுக்கெல்லாம் ஓனர்கள்கிட்ட கூடுதலா வசூலிக்கற ஸ்பெஷல் அசெஸ்மெண்டுக்கு எந்த இன்சூரன்ஸும் குடுக்காது. ஃப்ளோரிடா சர்ஃப்சைடுல 2021 ஜூன் 24 அதிகாலைல சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் இடிஞ்சு விழுந்துச்சே, 12 மாடி, 1981ல கட்டினது, 98 பேர் இறந்து போனாங்க, அந்த பில்டிங்ல அதுக்கு கொஞ்ச மாசம் முன்னாடிதான் ரிப்பேருக்காக 1.5 கோடி டாலர் ஸ்பெஷல் அசெஸ்மெண்ட் போட்டிருந்தாங்க, சின்ன யூனிட்டுக்கே 80,000 டாலர் அளவுக்கு வந்துச்சு. கான்கிரீட் அரிச்சுப் போனதுக்கு போட்ட அந்தப் பணத்தை எச்ஓ-6ல க்ளெய்ம் பண்ண முடியாது. அந்த துயரத்துக்கு அப்புறம் 2022ல ஃப்ளோரிடா சட்டம் கொண்டு வந்து, மூணு மாடி, அதுக்கு மேல இருக்கற பழைய காண்டோவுக்கெல்லாம் கட்டிட பரிசோதனை, கட்டமைப்பு ரிசர்வ் ஸ்டடி (ரிப்பேருக்கு எவ்வளவு சேர்க்கணும்ங்கற கணக்கு) எல்லாம் கட்டாயம் ஆக்கினாங்க, லோன் குடுக்கறவங்களும் எல்லா ஸ்டேட்லயும் அசோசியேஷனுக்கு அனுப்புற கேள்வித்தாளை இன்னும் கறாராக்கிட்டாங்க. வீட்டு லோன்களை பேங்க்குகிட்ட இருந்து வாங்குற ஃபேனி மே கம்பெனி விதிப்படி மாஸ்டர் பாலிசி டிடக்டிபிள் கவரேஜ் தொகைல 5 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, போச்சுன்னா அந்த பில்டிங்ல வாங்க வர்றவங்களுக்கு லோன் கிடைக்கறதே சிக்கலாகும். அது நீங்க விக்கும்போது உங்க தலைலதான் விடியும். போர்டுல இருக்கற நாங்க பிரீமியத்தை குறைக்கணும்னு டிடக்டிபிளை ஏத்துறோம், அதோட மறுபக்கத்தை ஓனர்ஸுக்கு எழுதி அனுப்புறது எங்க கடமை, ஆனா எத்தனை போர்டு அதை பண்ணுதுன்னு எனக்கு கவலையாத்தான் இருக்கு.

வெள்ளம், நிலநடுக்கம் ரெண்டும் எச்ஓ-6ல கிடையாது, மாஸ்டர் பாலிசிலயும் சாதாரணமா கிடையாது. வெள்ளத்துக்கு 1968ல ஆரம்பிச்ச ஃபெடரல் திட்டம், என்எஃப்ஐபி, அதுல அசோசியேஷன் முழு பில்டிங்குக்கும் எடுக்கலாம், யூனிட் எண்ணிக்கைய 2,50,000 டாலரால பெருக்கினா என்ன வருமோ அதுதான் உச்சவரம்பு. பில்டிங்கோட மாற்றுச்செலவுல 80 சதவீதத்துக்கு குறைவா எடுத்திருந்தா க்ளெய்ம் வரும்போது அந்த விகிதத்துல குறைச்சுத்தான் குடுப்பாங்க, மிச்சம் ஓனர்ஸ் தலைல. "நான் நாலாவது மாடி, எனக்கு எதுக்கு வெள்ளம்"னு சொல்லாதீங்க, கீழ எலக்ட்ரிகல் ரூம், லிஃப்ட் மெஷின், பாய்லர் எல்லாம் மூழ்கினா அதுக்கான அசெஸ்மெண்ட் நாலாவது மாடிக்கும்தான் வரும், அப்போ உங்க எச்ஓ-6 லாஸ் அசெஸ்மெண்ட் உதவாது, ஏன்னா அது எச்ஓ-6 கவர் பண்ற காரணத்தால வந்த நஷ்டத்துக்கு மட்டும்தான். கலிஃபோர்னியா ஆளுங்க நிலநடுக்கத்துக்கும் இதே கணக்கை போட்டுக்கணும், அங்க 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்கு அப்புறம் உருவான கலிஃபோர்னியா எர்த்குவேக் அத்தாரிட்டில காண்டோ ஓனருக்குன்னே தனி பாலிசி இருக்கு, லாஸ் அசெஸ்மெண்டும் சேர்த்து வாங்கலாம். சாக்கடை தண்ணி பின்னாடி ஏறி வர்றதுக்கு வாட்டர் பேக்கப் எண்டார்ஸ்மெண்ட் தனியா வேணும், தரைத்தளத்துல இருக்கறவங்க அதை விடவே விடாதீங்க.

நம்ம வீடுகள்ல நகை இருக்கும், அதை பத்தி சொல்லியே ஆகணும். பொருள் கவரேஜ் 50,000, 75,000னு இருந்தாலும் நகை திருட்டுக்கு ஸ்டாண்டர்ட் ஃபார்ம்ல மொத்தமா 1,500 டாலர்தான், ரொக்கத்துக்கு 200 டாலர். தாலிக்கொடி, கல்யாணத்துக்கு போட்ட ஆரம், பிள்ளைக்கு பாட்டி குடுத்த வளையல் எல்லாம் சேர்த்து 1,500. பேங்க் லாக்கர்ல வைங்க, இல்ல அப்ரெய்சல், அதாவது மதிப்பீட்டுச் சான்று, வாங்கி ஒவ்வொண்ணா பேர் போட்டு பாலிசில ஷெட்யூல் பண்ணுங்க, போட்டோ எடுத்து எடை எழுதி கிளவுட்ல போட்டு வைங்க.

ஊருக்குப் போறதும் அப்படித்தான். பள்ளிக்கூட லீவுல மொத்த குடும்பமும் இந்தியா கிளம்பிருவோம், டிசம்பர்ல போறவங்களும் உண்டு. குளிர்ல குழாய் உறைஞ்சு வெடிச்சா பணம் கிடைக்கணும்னா ஹீட்டிங்கை ஓட விட்டிருக்கணும், இல்லன்னா மெயின் வால்வை மூடி குழாய்ல இருக்கற தண்ணிய வடிச்சிருக்கணும், இது பாலிசிலயே எழுதியிருக்கற நிபந்தனை. மின்சாரம் மிச்சம் பண்றேன்னு ஹீட்டரை நிறுத்திட்டு போயிடாதீங்க. எந்த சீசன்ல போனாலும் யூனிட் வால்வை மூடிட்டு போனா கீழ் வீட்டுக்காரங்களுக்கும் நல்லது. சாமானோட ஆள் ஊருக்கு போயிருக்கறது வேற, சாமானை எல்லாம் எடுத்துட்டு காலியா போட்டு வெச்சிருக்கறது வேற, காலியா 60 நாளுக்கு மேல கிடந்தா வாண்டலிசம், தண்ணி கசிவு ரெண்டுக்கும் கவரேஜ் போயிரும், விக்கறதுக்காக காலி பண்ணி வெச்சிருக்கறவங்க கட்டாயம் கம்பெனிக்கு சொல்லுங்க.

வேலை மாறி வேற ஊர் போறவங்க காண்டோவை வாடகைக்கு விட்டா பழைய எச்ஓ-6 அப்படியே போதாது. கம்பெனிக்கு சொல்லி வாடகைக்கு விடுற எண்டார்ஸ்மெண்ட் சேர்க்கணும், இல்ல லேண்ட்லார்ட் பாலிசிக்கு மாத்தணும், குடியிருக்கறவங்களை ரெண்டர்ஸ் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி லீஸ்லயே எழுதிருங்க. லயபிலிட்டி சாதாரணமா 1,00,000 டாலர்ல ஆரம்பிக்கும், 3,00,000 ஆக்கறதுக்கு வித்தியாசம் ரொம்ப கம்மி, ஆக்கிருங்க.

இப்போ நீங்க பண்ண வேண்டியது, உங்க பிராப்பர்ட்டி மேனேஜருக்கு ஒரு ஈமெயில். மாஸ்டர் பாலிசியோட டிக்ளரேஷன் பேஜ், அதாவது கவரேஜ் சுருக்கம் இருக்கற பக்கம், வேணும், தண்ணி, புயல், மத்த எல்லாத்துக்கும் டிடக்டிபிள் தனித்தனியா எவ்வளவு, கவரேஜ் பேர் வால்ஸா சிங்கிள் என்டிட்டியா ஆல்-இன்னா, டிடக்டிபிளை யார் கட்டணும்னு அசோசியேஷன் டிக்ளரேஷன்ல எந்த பிரிவு சொல்லுது, வெள்ள பாலிசி இருக்கா. வந்த பதிலை அப்படியே உங்க எச்ஓ-6 ஏஜெண்டுக்கு ஃபார்வர்ட் பண்ணி, இதுக்கு ஏத்த மாதிரி என் கவரேஜ் ஏவையும் லாஸ் அசெஸ்மெண்டையும் போட்டு குடுங்கன்னு கேளுங்க. இனிமேத்தான் வாங்கப் போறீங்கன்னா கான்ட்ராக்ட்ல இருந்து விலகுறதுக்கு உண்டான கெடு முடியறதுக்குள்ள இதை வாங்கிப் பாத்துருங்க, கூடவே கடைசி ஒரு வருஷ போர்டு மினிட்ஸும் ரிசர்வ் ஸ்டடியும். ஒவ்வொரு வருஷமும் மாஸ்டர் பாலிசி ரினியூ ஆகுற மாசத்தை மேனேஜர்கிட்ட கேட்டு காலண்டர்ல போட்டு வெச்சுக்கோங்க, டிடக்டிபிள் மாறுறது அப்பதான். குடுக்க இழுத்தடிச்சா விடாதீங்க, பல ஸ்டேட்ல அசோசியேஷன் ரெக்கார்டை பாக்க ஓனருக்கு சட்டப்படி உரிமை இருக்கு, எழுத்துல கேளுங்க.